பதில்: நான்கு இலக்கத்தில் ஒன்றுகூட அகப்படாதது ஏன்?

இருபுறமிருந்து வாசித்தாலும் மாறாத பகா எண்களைத் தேடும் உங்கள் நிரலில் பிழை இல்லை. மூன்று இலக்கத்தில் 101 முதல் 929 வரை அப்படிப்பட்ட 15 எண்கள் கிடைத்தன, நான்கிலும் ஆறிலும் பூஜ்யம் என்கிறீர்கள். வர வேண்டிய விடையே அதுதான். நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் ஓர் இரவு முழுக்க நிரலைக் குடைந்திருக்கிறேன்!

'விகடகவி' போல இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் நான்கு இலக்க எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 7337 என்றால் 7 × 1001 + 3 × 110. 1001 என்பது 11 × 91, 110 என்பது 11 × 10. எந்த இலக்கத்தைப் போட்டாலும் 11 மீதியின்றி வகுத்துவிடும். ஆறு, எட்டு என எல்லா இரட்டைப்படை நீளத்துக்கும் இதே கதிதான். தப்பியது 11 மட்டுமே.

எனவே அந்த நீளங்களைத் தாண்டிவிடுங்கள். ஐந்து இலக்கத்துக்கு 90,000 எண்களையும் சோதிக்க வேண்டாம். முதல் மூன்று இலக்கங்களை வைத்து, அவற்றில் முதல் இரண்டைத் திருப்பிப் பின்னால் ஒட்டுங்கள். முதல் இலக்கமே கடைசியிலும் வருவதால் அது 1, 3, 7, 9 மட்டும். 400 எண்கள்தான் மிஞ்சும். அவற்றில் 93 பகா எண்கள் வர வேண்டும். ஏழு இலக்கத்தில் 668. இந்த எண்ணிக்கை வராவிட்டால் நிரலைச் சந்தேகியுங்கள்.

அது ஓடியதும் 2, 727, 37273, 333727333 ஆகியவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக, நடுவில் 2 வரும்படி எழுதிப் பாருங்கள். நான்குமே பகா எண்கள், கோபுரம்போல் அடுக்கடுக்காக விரியும். அடுத்த அடுக்கை உங்கள் நிரலே தேடட்டும்.