லேசோவின் உப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் உள்ளாட்சி பற்றி எழுதியிருந்தீர்கள். 2007இல் 271 கொம்யூன்களை, அதாவது உள்ளாட்சி அமைப்புகளை, 98 ஆகக் குறைத்தவர்கள், சுமார் 1,800 பேரே வசிக்கும் லேசோ தீவை மட்டும் ஏன் தனியாக விட்டுவைத்தார்கள்? வீண்செலவுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சட்டப்படியான காரணம் எளிது. ஒரு கொம்யூனுக்குக் குறைந்தது 20,000 பேர் வேண்டும் என்றார்கள். பெரிய அண்டைக் கொம்யூனுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சிறியதும் தனித்திருக்கலாம். லேசோ, எதிர்க்கரை ஃபிரெடரிக்ஸ்ஹாவனுடன் அப்படிச் செய்துகொண்டது. ஃபானோ, சாம்சோ தீவுகளும் தனியாகவே நின்றன.

வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை. லேசோவின் பழைய கதை தெரிந்தால் நீங்களும் யோசிப்பீர்கள். தீவின் தெற்கே தாழ்வான புல்வெளிகளில் கடல் ஏறி இறங்கும். கோடையில் நீர் வற்ற வற்ற, நிலத்தடி நீரில் உப்பு செறியும். அதைக் கிணறு தோண்டி எடுத்து, குடிசைக்குள் பெரிய இரும்புச் சட்டிகளில் காய்ச்சினார்கள். தீவு அப்போது விபோர்க் பேராலயக் குருமார் சபையின் உடைமை; குத்தகையை உப்பாகவே கட்ட வேண்டும். விபோர்க்கோ தீவில் இல்லை; டென்மார்க்கின் பெருநிலமான ஜட்லாந்தின் உள்நாட்டு ஊர். அடுப்பெரிக்க மரம் மரமாக வெட்டியதில் காடு போனது, மணல் பறந்து வயல்களை மூடியது. 1652இல் உப்புக் காய்ச்சுவதே நின்றுபோனது.

அப்புறம் வீடு கட்ட மரமும் இல்லை, கூரை வேய வைக்கோலும் இல்லை. உடைந்த கப்பல்களின் பலகைகளை எடுத்தார்கள். கரையொதுங்கிய கடற்புல்லைக் காயவைத்து, கயிறாக முறுக்கி வரிச்சில் கட்டி, மேலே அடுக்கினார்கள். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவதால் இந்த வேலை பெண்களுடையது. சில கூரைகள் ஒரு மீட்டர் தடிமன். உப்பு ஊறிய புல் என்பதால் நூற்றாண்டுகள் தாண்டியும் நிற்கின்றன. 1930களில் கடற்புல்லை நோய் தாக்கியது. இன்று அப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சமே மிச்சம்.

எங்கோ இருந்தவர்கள் கேட்ட உப்புக்காகக் காட்டையே இழந்த தீவு இது. இன்றைய டேனிஷ் கொம்யூன் பள்ளியை, முதியோர் பராமரிப்பை நடத்துகிறது. வருமான வரியில் தன் பங்கின் விகிதத்தைத் தானே முடிவுசெய்கிறது. ஃபிரெடரிக்ஸ்ஹாவனில் ஏறக்குறைய 60,000 பேர். அதோடு சேர்த்துவிட்டால் லேசோக்காரர்களின் வாக்கு நூற்றுக்கு மூன்றுதான். தீவின் பள்ளியை மூடலாம் என்று அந்தப் பெரிய கொம்யூனின் மன்றம் முடிவெடுத்தால், தீவுப் பிள்ளைகள் ஃபெரியில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டியிருக்கும். அந்த முடிவு தீவுக்காரர்கள் கையில் இருப்பதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் தகும் என்பதே என் எண்ணம்.