அக்டோபரில் ஓர்கா பார்க்கப் படகேறலாமா?

கேள்வி: சியாட்டில் அருகே வசிக்கும் மகள் வீட்டில் அக்டோபர் நடுவிலிருந்து மூன்று வாரம் தங்கப் போகிறோம். எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் உடன் வருகிறார். அந்தப் பருவத்தில் ஓர்காக்கள் கண்ணில் படுமா? படகுகள் அவற்றுக்குத் தொல்லை என்கிறார்களே, போவது சரியா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் போகும் சேலிஷ் கடலில், அதாவது சியாட்டிலையும் கனடாவின் தென்மேற்குக் கரையையும் ஒட்டிய கடற்பகுதியில், இரண்டு வகை ஓர்காக்கள் உலவுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வகையைப் படகிலிருந்து பார்ப்பது, எந்த வகையைக் கரையிலிருந்து பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஓங்கில் குடும்பத்திலேயே மிகப் பெரிய உயிரினமான ஓர்காவில், மீன் மட்டுமே உண்பவை 'தெற்கு ரெசிடென்ட்' எனப்படும் கூட்டத்தார். ஜே, கே, எல் என்னும் மூன்று குடும்பங்களிலும் சேர்த்துச் சுமார் 75 ஓர்காக்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அமெரிக்க அரசு 2005-இல் இவற்றை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. 1960, 70-களில் காட்சிச்சாலைகளுக்காக இவற்றின் குட்டிகளைப் பிடித்துச் சென்ற கொடுமையிலிருந்து இந்தக் கூட்டம் இன்றும் மீளவில்லை. இவற்றின் முதன்மை உணவான சினூக் என்னும் சால்மன் மீனும் குறைந்துவிட்டது. இவை இருட்டான நீரில் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே மீனைக் கண்டுபிடிக்கின்றன. படகு எஞ்சினின் இரைச்சல் அந்த எதிரொலியை மூடிவிடுகிறது. பசியோடிருக்கும் தாய் வேட்டையைக் கைவிட்டு விலகிப்போக அதுவே போதும். ஆகவே வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, 2025 ஜனவரி முதல், சுற்றுலாப் படகுகள் உட்பட எந்தப் படகும் இவற்றிலிருந்து 1000 கஜம், அதாவது ஏறத்தாழ 914 மீட்டர், தள்ளியே இருக்க வேண்டும்.

மற்ற வகை 'பிக்ஸ்' ஓர்கா. முதுகுத் துடுப்பையும் அதன் பின்னுள்ள சாம்பல் நிறத் திட்டையும் படமெடுத்து, ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியே அடையாளம் காணும் முறையை 1970-களில் உருவாக்கிய கனடிய ஆய்வாளர் மைக்கேல் பிக் நினைவாக வந்த பெயர் அது. இவை கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் வேட்டையாடுபவை. 1972-இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தால் கடல்நாய்கள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து இந்த ஓர்காக்களும் பெருகின. ஆண்டு முழுவதும் இங்கே வந்துபோகும் இவற்றைத்தான் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கிறார்கள். இவற்றிடமிருந்தும் படகு 200 கஜமாவது விலகி நிற்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்தே ஆணின் ஆறடி உயரத் துடுப்பு நீரைக் கிழித்து எழுவது வெறும் கண்ணுக்குத் தெரியும். முகத்தைப் பார்க்க ஒரு பைனாகுலர் வேண்டும். வேட்டையின்போது இவை ஓசையின்றி நீந்தி, பல நிமிடங்கள் மூழ்கியே இருக்கும் என்பதால், மறைந்துவிட்டனவே என்று உள்ளே போய் உட்கார்ந்துவிடாமல் பொறுமையாகக் காத்திருங்கள்.

முன்பதிவு செய்யும்போது, தெற்கு ரெசிடென்ட் எதிரே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'விலகிப் போய்விடுவோம்' என்று தயங்காமல் சொல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். மிக அருகில் கூட்டிப்போவதாக ஆசைகாட்டும் இடத்தை நான் தவிர்த்துவிடுவேன். மாமியாருக்கு மூடிய அறையும் கழிப்பறையும் உள்ள பெரிய படகுதான் ஏற்றது. காற்றடைத்த சிறு வேகப்படகின் குலுக்கல் முதுகுக்கு ஆகாது. கடல்நீர் அப்போது 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், காற்று ஊசியாய்க் குத்தும். கம்பளிக்கு மேல் மழை புகாத மேலங்கி அவசியம். வாந்தி மாத்திரை போடுவதானால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போட வேண்டும்.

பயண நாளைத் தங்கலின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் பல நிறுவனங்கள் பயணங்களைக் குறைத்துவிடும். திமிங்கிலம் எதுவும் தென்படாவிட்டால் சில நிறுவனங்கள் மறுபயணம் தருகின்றன, ஆனால் நீங்கள் ஊரில் இருந்தால்தானே அது பயன்படும்? ஓர்கா கிடைக்காத நாளிலும், தெற்கே கிளம்பாமல் இரைதேடிக்கொண்டிருக்கும் கூனல் திமிங்கிலங்கள் கண்ணில் படக்கூடும்.

தெற்கு ரெசிடென்ட்டைப் பார்க்க இலையுதிர் காலத்தைப் போல நல்ல வாய்ப்பு சியாட்டில்வாசிகளுக்கு வேறில்லை. கோடையில் சான் வான் தீவுகளின் பக்கம் சினூக்கைத் தேடித் திரியும் இவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம் என்னும் வேறு வகை சால்மனைத் துரத்திக்கொண்டு பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலுக்குள், நகரத்தின் எதிரிலேயே, வந்துபோகின்றன. மேற்கு சியாட்டிலின் ஆல்கி முனையிலோ, வாஷன் தீவை ஒட்டிய பாயின்ட் ராபின்சன் கலங்கரை விளக்கத்தருகிலோ நின்றால் அவை கடந்துபோவதைக் காணலாம். இன்ன நாளில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அவை எங்கே தென்பட்டன என்று உள்ளூர் ஆர்வலர்கள் இணையத்தில் இடும் தகவலைக் காலையில் பார்த்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியையும் பிளாஸ்க்கில் காபியையும் எடுத்துக்கொண்டு மாமியாரோடு கிளம்புங்கள். நவம்பர் முதல் வாரத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் திரும்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.