நிஜாமாபாத் விலையும் ஈரோட்டு ஏலமும்: மஞ்சள் சந்தை கேள்வி பதில்

கேள்வி: தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விலை ஏறினாலும் அன்றே ஈரோட்டில் ஏறுவதில்லையே, வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து தடுக்கிறார்களா ஐயா?

பதில்: ஒரு நாள் விலையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. லாரி வாடகை, ஏற்றிறக்கு கூலி, கமிஷன் எல்லாம் சேர்ந்து குவிண்டாலுக்கு 600 ரூபாய் ஆவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விலை வித்தியாசம் 400 ரூபாயாக இருக்கும்வரை சரக்கை இடம் மாற்றுவதில் எவருக்கும் ஆதாயமில்லை என்பதால், இரு சந்தைகளும் தத்தம் போக்கில் நகரலாம். வித்தியாசம் 900 ரூபாயாகி, வாரக்கணக்கில் குறையாமல் நின்றால்தான் உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு.

கேள்வி: நாளிதழில் வரும் விலைகளை அப்படியே ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் ஆகிய நான்கு இடங்களிலும் விரல்போல் நீண்ட விரலி மஞ்சளுக்குத் தனி விலை, உருண்டையான கிழங்கு மஞ்சளுக்குத் தனி விலை. அதிலும் ஈரப்பதம், மெருகு, பழைய சரக்கா புதிய சரக்கா என்பதைப் பொறுத்து ஒரே கூடத்தில் ஒரே நாளில் குறைந்தபட்ச விலையும் அதிகபட்ச விலையும் வெகுவாக விலகி நிற்கும். இங்குள்ள கிழங்கு விலையை அங்குள்ள மெருகேற்றிய விரலி விலையோடு ஒப்பிட்டு 'சந்தை செயல்படவில்லை' என்று எழுதுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரே ரகத்தின் விலையை, இயன்றால் அன்று பெரும்பாலான மூட்டைகள் விற்ற விலையை, மாதக்கணக்கில் அடுக்கிப் பார்த்து, இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா, விலகினால் எத்தனை நாளில் மீண்டும் நெருங்குகின்றன என்று கவனியுங்கள்.

கேள்வி: 2016 ஏப்ரலில் இ-நாம் மின்னணுச் சந்தை வந்த பிறகும் வெளிமாநில வியாபாரிகள் ஏன் அதிகம் வாங்குவதில்லை?

பதில்: திரையில் விலை தெரியும், சரக்கு தெரியாது. மஞ்சள் வாங்குபவர் விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்தே விலை சொல்கிறார். நம்பத்தக்க தரப்பரிசோதனையும், தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஆளும் இல்லாத இடத்தில், கண்ணால் காணாத சரக்குக்கு அவர் குறைத்தே கேட்பார்.

கேள்வி: மண்டியில் விலை சரிந்தும் மஞ்சள்தூள் பாக்கெட் விலை ஏன் குறைவதில்லை?

பதில்: பாக்கெட்டில் இருப்பது மாதங்களுக்கு முன் வாங்கிய சரக்கு, அரைப்பு, பொட்டலம், விளம்பரம், கடைக்காரர் பங்கு ஆகிய செலவுகளும் மண்டி விலையோடு இறங்குவதில்லை. ஆனால் ஏற்றத்தை உடனே விலையில் சேர்க்கும் நிறுவனம் இறக்கத்துக்கு மட்டும் பழைய இருப்பைக் காரணம் காட்டினால், அது போட்டி குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.