கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. நண்பர்களோடு பேசுவதில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். போன வாரம், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்றான். நேற்று, யாரையும் தொடவிடாத தன் வண்ணப்பெட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். 'வயசுக் கோளாறு' என்கிறார் என் கணவர். தற்கொலை எண்ணம் உண்டா என்று அவனிடமே கேட்கலாமா? நாமே தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ?

பதில்: இன்றே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணம் இருந்தால், தனியாகச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அம்மா கேட்டதே பெரிய ஆறுதல்.

எனக்கு உறுத்துவது அந்த வண்ணப்பெட்டிதான். தூக்கமின்மைக்கும் எரிச்சலுக்கும் இந்த வயதில் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உயிராக நினைத்த பொருளைக் காரணமின்றிக் கொடுப்பது விடைபெறுவதாகவும் இருக்கலாம். அதற்கு முன்பே 'நான் இல்லாவிட்டால்' என்றும் சொல்லியிருக்கிறான். பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாக வருவதுண்டு. அதைத் திமிர் என்று நாம் விட்டுவிடுகிறோம். நாளைக்கே அவன் திடீரென்று அமைதியானாலும் சரியாகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

தனிமையில் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை ஏன் கொடுத்தான் என்பதிலிருந்தே தொடங்கலாம். பிறகு சுற்றிவளைக்காமல், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, கண்ணா?" என்று கேளுங்கள். "அப்படியெல்லாம் நினைக்கமாட்டாய்தானே?" என்றால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'ஆம்' என்றால் பதறாதீர்கள். "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்ற வார்த்தை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கான திட்டம் ஏதும் மனத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறானா என்றும் கேளுங்கள். முன்பு ஒருமுறை முயன்றிருந்தால் ஆபத்து பல மடங்கு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள்.

இதற்கிடையில், வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றைப் பூட்டி வையுங்கள். வெளியேற்றிவிட்டால் இன்னும் நல்லது. சாக வேண்டும் என்ற அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்நேரம் எதுவும் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

'ஆம்' என்று சொன்னாலோ, திட்டம் இருந்தாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 'இல்லை' என்றாலும் நாளைக்கே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கணவரும் கூட வரட்டும். மருத்துவர் சொல்வதில் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் நிறைய இருக்கும்.