பட்டறை பதில்கள்: காஷ்மீர் போகும் வண்டிக்கு

கேள்வி: எங்கள் 12 சக்கர லாரி டிசம்பர் கடைசியில் முதல் தடவையாக ஸ்ரீநகர் போகிறது. டீசல் உறைந்துவிடும், டேங்குக்கு அடியில் தீ மூட்டினால்தான் வண்டி கிளம்பும், மண்ணெண்ணெய் கலந்தால் போதும் என்று டிரைவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: தீயும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். எந்த ஊரில் டீசல் போடுகிறீர்கள் என்பதை முதலில் கவனியுங்கள்.

டீசலில் மெழுகு உண்டு. குளிரில் அது பொடிப்பொடியாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடும். டிரைவர் என்ஜினின் டீசல் பம்பைக் குறை சொல்வார். ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை, நம் நாட்டுத் தர விதிப்படி, கோடை டீசலுக்கு 18 டிகிரி வரைகூட இருக்கலாம். குளிர்கால டீசலுக்கு 6 டிகிரிதான் உச்சம். ஸ்ரீநகரிலோ டிசம்பர் 21-இல் தொடங்கும் 'சில்லாய் கலான்' என்ற கடுங்குளிர்க்கால நாற்பது நாளும் இரவில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழேதான்.

ஆகவே நம்மூரில் இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு அங்கே போய் இறங்காதீர்கள். தெற்கில் போட்டது பஞ்சாபுக்குள் தீர்ந்துவிடும்படி கணக்குப் பண்ணுங்கள். ஜம்முவுக்கு மேல், அந்தப் பக்கத்து வண்டிகள் போடும் டீசலையே போடுங்கள். உறைவைத் தடுக்கும் மருந்து ஊற்றுவதானால், டீசல் இளஞ்சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றிப் பயன் அதிகமில்லை. லடாக்கில் உள்ள லே வரை போகிற யோசனை இருந்தால் கதை வேறு: அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது.

டேங்குக்கு அடியில் தீ வைத்தால் ஏர் பிரேக் ஹோஸும் ஒயரும் கருகும், சில சமயம் வண்டியே போகும். மண்ணெண்ணெய் பம்பையும் இன்ஜெக்டரையும் தேய்க்கும். பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் சைலன்சர் பக்கத்து வடிகட்டியும் கெடும். சட்டப்படியும் குற்றம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஓடினால் அதை இங்கேயே இறக்கிவிட்டு கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். தண்ணீர் உறைந்து என்ஜின் பிளாக் வெடித்தால் பிறகு பேச எதுவும் இல்லை. பேட்டரியை முழு சார்ஜில் அனுப்புங்கள். செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) ஒரே மூச்சில் அடிக்காமல் பத்து செகண்டு அடித்து, ஒரு நிமிஷம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிரேக்குக்கான ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் வடிக்க வேண்டும். என்ஜின் ஆயிலுக்குச் செலவு வேண்டாம். 15டபிள்யூ-40 ஸ்ரீநகர் குளிருக்குப் போதும்.

இன்னொன்று: கேபினை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரித்துத் தூங்க வேண்டாம் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கேள்வி: பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசல் உறைந்தால் வண்டி நின்றுவிடுமா?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: நிற்காது. மைனஸ் 11 டிகிரியில் உறையும். வண்டி ஓட ஓட என்ஜின் சூட்டில் உருகும். உறையும்போது விரியும் என்பதால் அந்த டேங்கைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். உறையக் கூடாதென்று அதில் எதையாவது கலந்தால் செலவு பெரிதாகிவிடும்.

கேள்வி: ஊட்டியில் காலையில் எங்கள் டிப்பர் வெள்ளைப் புகை தள்ளுகிறது. டீசல் உறைகிறதா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உறையவில்லை. அது குளிர்ந்த சிலிண்டரில் எரியாமல் வெளியேறும் டீசல். சில நிமிடங்களில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.