48 வயதில் முடியை எந்த நீளத்துக்கு வெட்டலாம்?

கேள்வி: எனக்கு 48 வயது. இடுப்பு வரை இருந்த முடி நான்கைந்து வருடங்களில் மெலிந்துவிட்டது. பின்னினால் நுனி எலிவால் மாதிரி நிற்கிறது. லேசான சுருள் முடி, முன்பக்கம் நரை, வட்ட முகம், கண்ணாடி போடுகிறேன். 'இனிமேல் எதுக்கு இவ்வளவு நீளம், பாப் வெட்டிக்கோ' என்கிறாள் தங்கை. வெட்டினால் முகம் இன்னும் பெரிதாகத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது. சில மாதங்களாக வலது தோள்பட்டை வலிப்பதால் கையைத் தூக்கிப் பின்னுவதும் சிரமம். எந்த நீளம், எந்த வெட்டு எனக்குச் சரிவரும்?

பதில்: தோள்பட்டையில் இருந்தே தொடங்குவோம். முடியின் நீளம் பற்றிப் பேசுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், வயதைக் கேட்பார்கள். கையைக் கேட்க மாட்டார்கள். பின்னவும் கொண்டை போடவும் இரண்டு கையும் தலைக்குப் பின்னால் சில நிமிடமாவது நிற்க வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டர் என்கிற தோள் இறுக்கம் 40 முதல் 60 வயதுக்குள் பெண்களுக்கு அதிகம் வருவது. அது குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். வலி மாதக்கணக்கில் இருப்பதால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து இரண்டு நிமிடம் வைத்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால், தினமும் பின்னியே ஆக வேண்டிய நீளம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். தலையைக் குனிந்து ஒரே கையால் கிளட்ச் கிளிப் போட வருகிற நீளமோ, கட்டாமலே விடக்கூடிய நீளமோ போதும்.

அடுத்தது எலிவால். முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். அந்தக் கணக்கில், இடுப்பைத் தொடும் முடியின் நுனி ஐந்தாறு வருடப் பழசு. ஒரு முடி இத்தனை வருடம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று வேரில் ஒரு காலவரம்பு உண்டு. ஆளுக்கு ஆள் இரண்டு வருடத்திலிருந்து ஆறேழு வருடம் வரை. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறையும்போது பலருக்கு அந்தக் காலவரம்பும் சுருங்குகிறது. முன்பு ஆறு வருடம் வளர்ந்த முடி இப்போது நாலு வருடத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. அது இடுப்புக்கு வந்து சேருவதே இல்லை. வருவது மிச்சம் இருக்கிற கொஞ்சம்தான். கூடவே ஒவ்வொரு இழையின் பருமனும் குறைகிறது. அதனால் நுனி மெலிவதற்கு ஷாம்பூவையோ சீப்பையோ மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையில்லை. வெட்டு வேரைத் தொடுவதில்லை. மெலிந்த பகுதி போய்விடுவதால் மீதி அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனவே எங்கே வெட்டுவது என்பதை உங்கள் முடியிடமே கேட்கலாம். தலைக்குக் குளித்து, முழுக்கக் காய்ந்து, சிக்கெடுத்த பிறகு பிடரியில் தளர்வாக ஒரு பேண்ட் போடுங்கள். பேண்டுக்குக் கீழே ஒரு நூலைச் சுற்றி, சுற்றளவை ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 8 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, அது 6 செ.மீ. ஆகிற இடத்தில் நிறுத்துங்கள். அங்கே பேண்டுக்குள் இருக்கிற முடியில் பாதிக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கிறது. 4 செ.மீ. ஆகும் வரை இறங்கினால் மிச்சம் கால்வாசிதான். சுற்றளவு பாதியானால் முடி பாதியாகிறது என்று நினைத்துவிடாதீர்கள், கால்வாசியாகிறது. பின்னல் திடீரென்று எலிவாலாவதும் இங்கேதான். மேலே அளந்ததில் முக்கால்வாசி சுற்றளவு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அதற்கு மேலே எங்கு வெட்டினாலும் நுனி நிறைவாக இருக்கும். கீழே விட்டால் எந்த ஸ்டைலிஸ்ட் வெட்டினாலும் மெலிசாகத்தான் தொங்கும். முன்பு ஸ்டெப் கட் செய்து அது இன்னும் முழுக்க வளரவில்லை என்றால் இந்த அளவு கொஞ்சம் ஏமாற்றும். அப்போது முடியைப் பின்னால் விரித்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து, சட்டையின் நிறம் முடி வழியே எங்கிருந்து தெரியத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

இந்த அளவில் இடுப்பு வரை நிறைவாக இருக்கிறவர்களும் உண்டு. 55 வயதானாலும் அவர்கள் வெட்ட ஒரு காரணமும் இல்லை. இந்த வயதுக்கு இந்த நீளம் என்பது பேச்சுதானே தவிர, அதற்கு அடிப்படை கிடையாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் எல்லை முதுகின் நடுவில் எங்கேயோ வரலாம். கைவலியையும் சேர்த்துப் பார்த்தால், முதல் வெட்டு காலர் எலும்பைத் தாண்டி மூன்று நான்கு செ.மீ. கீழே நிற்கட்டும். தங்கை சொல்கிற தாடை அளவு பாப் இப்போது வேண்டாம். வெட்டின் நுனிக்கோடு எங்கே நிற்கிறதோ, பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். தாடையில் கோடு நின்றால் கன்னமும் தாடையும்தான் தெரியும். சுருள் முடி அந்த இடத்தில் பக்கவாட்டில் வேறு விரியும். வட்ட முகம் இன்னும் அகலமாகிவிடும். உங்கள் பயம் இந்த ஒரு வெட்டைப் பொறுத்தவரை நியாயமானதே. காலர் எலும்புக்குக் கீழே முடிகிற கோடு கழுத்தை நீளமாகக் காட்டும், தாழ்வாக ஒரு கிளிப்புக்குள்ளும் அடங்கும்.

தோளைச் சரியாகத் தொடுகிற நீளத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிகம் கேட்கப்படுவதும் இதுதான், அதிகம் தொல்லை கொடுப்பதும் இதுதான். நுனி தோளில் இடித்து ஒரு பக்கம் உள்ளேயும் ஒரு பக்கம் வெளியேயும் மடங்கும். உடம்பு திடீர் திடீரென்று சூடாகி வியர்க்கிற இந்த வருடங்களில் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டலாம் என்றாலோ பாதி நழுவி வெளியே வரும். தோளுக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நன்றாகக் கீழே இறக்குங்கள்.

இனி வெட்டு. மெலிந்த முடிக்கு நுனி ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பிளண்ட் கட் என்று கேளுங்கள். V வடிவ வெட்டு நுனியில் இருக்கிற கொஞ்சத்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுபோய் மறுபடி எலிவாலாக்கும். லேசான U சரி. லேயர் என்பது மேல்முடியைக் குட்டையாக்கி உச்சிக்குத் தூக்கல் கொடுப்பது. அந்தத் தூக்கலுக்கான விலையை நுனி கொடுக்கிறது. உங்கள் முடிக்கு இரண்டு நீள லேயர் போதும், அதுவும் முதல் லேயர் தாடைக்குக் கீழே தொடங்க வேண்டும். கண்ணுக்கு நேரே தொடங்கும் ஸ்டெப் கட், ஃபெதர் கட் இரண்டும் அடர்த்தி நிறைய இருக்கிறவர்களுக்கானவை. பல்பல்லாக இருக்கும் தின்னிங் கத்தரியை எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். அது அடர்த்தியைக் குறைப்பதற்கென்றே செய்த கருவி. பழக்கத்தில் எல்லோர் தலையிலும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. சுருள் முடியில் அது விட்டுப்போகும் குட்டை இழைகள் மேலே எழும்பிச் சிலிர்த்து நிற்கும். ரேசரால் சீவி வெட்டுவதும் அப்படியே.

நெற்றி முடி வெட்டிக்கொண்டால் நரையும் நெற்றிக் கோடுகளும் மறையும் என்று ஆசையாக இருக்கும். கண்ணாடிக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புருவம் வரை வருகிற ஃப்ரிஞ்ச் கண்ணாடியின் மேல்விளிம்பில் உட்கார்ந்து, அங்கேயே பிளந்துகொள்ளும்; வியர்வையில் சரம் சரமாகப் பிரியும். ஃப்ரிஞ்சுக்கான முடி உச்சியை நோக்கி உள்ளே இருந்துதான் எடுக்கப்படுகிறது. உச்சி ஏற்கெனவே மெலிந்திருந்தால் நெற்றி ஓரத்திலிருந்து மூன்று நான்கு செ.மீ.க்கு மேல் பின்னால் போக விடாதீர்கள். முன்நெற்றியில் சுழி இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். முன்முடியை நனைத்து, நெற்றியில் முன்னால் தள்ளிவிட்டு, கை வைக்காமல் காய விடுங்கள். ஓரிடத்தில் தானாகப் பிரிந்து மேலே எழும்பினால் அங்கே சுழி இருக்கிறது. குட்டை ஃப்ரிஞ்ச் அதில் படியவே படியாது. உங்களுக்கு, கன்ன எலும்பின் உயரத்தில் தொடங்கிப் பக்கவாட்டில் சரியும் நீள முன்முடி பொருந்தும். கண்ணாடிக் காலுக்குப் பின்னாலும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

குட்டை முடி பொருந்துமா என்று பார்க்க ஸ்டைலிஸ்டுகளிடம் ஓர் அளவு புழங்குகிறது. தாடைக்கு அடியில் ஒரு பென்சிலைப் படுக்கையாக வைத்து, காது மடலின் அடியிலிருந்து பென்சில் வரை நேராக அளக்க வேண்டும், 5.7 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் குட்டை முடி எடுக்கும் என்பார்கள். அளந்து பாருங்கள், தவறில்லை. ஆனால் அது தாடையை மட்டுமே பார்க்கிறது. சுருளையும் சுழியையும் உச்சியின் அடர்த்தியையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அதை நம்பி பிக்ஸி, அதாவது காது தெரிகிற அளவு குட்டையான வெட்டு, வெட்டிக்கொள்ள வேண்டாம். உச்சியில் வகிடு அகன்று, மண்டை தெரிகிற அளவு மெலிந்தவர்களுக்கு பிக்ஸி நல்ல வெட்டுதான். குட்டை முடி எடை குறைந்து நிமிர்ந்து நிற்பதால் மண்டை மறையும், கைவலிக்காரர்களுக்கும் நிம்மதி. அதன் மறுபக்கம், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். பாப் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். காலர் எலும்பு நீளம் மூன்று மாதம் தாங்கும். பிக்ஸி பிடிக்காமல் மறுபடி காலர் எலும்பு வரை வளர்க்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் படிப்படியாக இறங்கச் சொல்கிறோம்.

பார்லருக்குப் போகும்போது முடியை எப்போதும் வைப்பது போலவே, நேராக்காமல், கண்ணாடியோடு போங்கள். சுருள் முடி ஈரத்தில் நீண்டு, காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறும். லேசான சுருளுக்கே இரண்டு மூன்று செ.மீ. ஏறும், இறுக்கமான சுருளுக்கு இன்னும் அதிகம். ஈரத்தில் காலர் எலும்பில் வெட்டினால், காய்ந்ததும் நீங்கள் தவிர்க்க நினைத்த தோள் நீளத்தில் வந்து நிற்கும். காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள், அல்லது வேண்டிய நீளத்தைவிட மூன்று செ.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். 'கொஞ்சம்' என்று சொல்லவே வேண்டாம். அது கத்தரி பிடிப்பவர் கையில் என்ன அளவாகும் என்று யாருக்கும் தெரியாது. விரலை உடம்பில் வைத்து, நுனி இங்கே நிற்க வேண்டும் என்று காட்டுங்கள். போட்டோ காட்டுவதாக இருந்தால், உங்கள் அளவு அடர்த்தியும் சுருளும் உள்ள தலையின் போட்டோவைக் காட்டுங்கள். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். குனிந்தபடி வெட்டினால் பின்கோடு மேலே ஏறிவிடும். வெட்டி முடித்ததும் டிரையரால் நேராக்கி அழகு காட்டுவார்கள். அதைப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டில் உலர்த்துவது போல உலர்த்தச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, இரண்டு தடவையாவது அலசிப் பழகிய பிறகு, இன்னும் குறைக்கலாமா என்று யோசியுங்கள்.

நரைக்கு டை அடிக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அடிப்பதாக இருந்தால் மெலிந்த முடிக்கு கன்னங்கரேல் வேண்டாம். கறுப்புக்கும் மண்டைத் தோலுக்கும் உள்ள நிற வித்தியாசத்தில் வகிடு இன்னும் அகலமாகத் தெரியும். ஒன்றிரண்டு ஷேடு இளசான பிரவுன் அந்த வித்தியாசத்தைக் குறைக்கும். வளர்ந்து வருகிற வெள்ளைக் கோடும் மூன்றாவது வாரத்திலேயே பளிச்சென்று தெரியாது. முன்பு ஒத்துக்கொண்ட டையே பிற்பாடு அலர்ஜியாவதும் உண்டு, ஆகவே ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். நரையை அப்படியே விடுகிறவர்கள் கண்டிஷனரை விடாதீர்கள். நரைமுடி பெரும்பாலும் வறண்டு முறைத்துக்கொண்டு நிற்கும்.

எந்த நீளத்திலும் ஒரு கவனம் வேண்டும். தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால், நெற்றிப் பொட்டின் ஓரங்களில் முடி பின்வாங்கும். கட்டை அவிழ்க்கும்போது மண்டை வலித்தாலோ, ஓரத்தில் சின்னப் பருக்கள் போல வந்தாலோ இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். வகிட்டையும் அவ்வப்போது ஒரு விரல்கடை தள்ளி எடுங்கள்.

வெட்டு எதையும் குணப்படுத்தாது, சிலதை மறைத்துவிடும். வெட்டப் போகிறதற்கு முன்பே தோல் டாக்டரைப் பார்க்க வேண்டிய சில நிலைகள் இருக்கின்றன. காய்ச்சல், ஆபரேஷன், கடுமையான டயட் ஏதாவது முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு), தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது திரும்ப முளைத்துவிடும். வகிடு மட்டும் மெல்ல அகன்றுகொண்டே போனால், அதற்கு மினாக்ஸிடில் என்று தடவும் மருந்து உண்டு. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், ஆரம்பத்தில் சில வாரம் உதிர்வு கூடுவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. இதையும் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள். முன்நெற்றி முடிக்கோடே பின்னால் போய், அங்கே தோல் வழவழவென்று ஆகி, புருவமும் மெலிந்தால் தாமதிக்கவே கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும் ஒருவகை முடியிழப்பு அது. வேரையே தழும்பாக்குவதால் போனது திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். நெற்றி முடி வெட்டி மறைத்துவிட்டு ஒரு வருடம் கழித்துக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரிஞ்ச் கேட்பதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று, முடியை முழுக்கப் பின்னால் இழுத்து, பழைய போட்டோ ஒன்றோடு நெற்றியின் அளவை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.