அம்மா வாயாலேயே கேட்டு எழுதிவிடுங்கள்

தம்பி, ஊரிலிருந்து இங்கே தென் ஆப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு அழைத்து வந்த அம்மாவுக்கு மறதி நோய், முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க வேண்டுமா, விழுங்க முடியாமல் போனால் குழாய் போடலாமா என்று இல்லத்தில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். நிரப்பினால் அம்மாவைக் கைவிட்ட மாதிரி ஆகாதா என்பது உங்கள் கேள்வி.

ஆகாது தம்பி. நிரப்பாமல் விட்டதால் வந்த கஷ்டத்தை எங்கள் வீட்டில் பார்த்தேன்.

கல்யாணமாகி நான் டர்பனில் இந்த சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து 26 வருஷம். மாமியார் இங்கேயே பிறந்தவர், இங்கிலீஷ்தான் பேசுவார். மறதி முற்றியதும் இங்கிலீஷ் போய், சின்ன வயசுத் தமிழ் மட்டும் மிஞ்சியது. ஒரு ராத்திரி சளி கட்டி மூச்சுத் திணறியது. எழுதி வைத்த தாள் எதுவும் இல்லாததால் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். காலையில் நான் போனபோது மூக்கில் குழாய். அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வார்டில் யாருக்கும் புரியவில்லை. குழாயை எடுக்கலாமா வேண்டாமா என்று என் கணவரும் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் கொழுந்தனாரும் பதினொரு நாள் போனில் சண்டை.

இங்குள்ள 2003ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரச் சட்டத்தில், நோயாளியால் சம்மதம் சொல்ல முடியாவிட்டால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளைகளுக்குள் யார் பேச்சு எடுபடும் என்று அதில் இல்லை. ஆனால் இந்த வரிசைக்கெல்லாம் முன்னால் நிற்பவர், அம்மாவே எழுத்தில் நியமித்த ஆள். அம்மாவுக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் தெளிவு இருந்தால் இந்த வாரமே செய்யுங்கள். அந்தத் தெளிவு இருக்கிறதென்று டாக்டரிடமும் எழுதி வாங்குங்கள். பேங்க் வேலைக்கு எழுதிய பவர் பத்திரத்தை நம்ப வேண்டாம். புத்தித் தெளிவு போனதும் இங்கே அது செல்லாது.

முன்கூட்டி எழுதும் விருப்பத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 1992இல் இதே டர்பன் நீதிமன்றத்தில், நினைவில்லாமல் கிடந்த கிளார்க் என்ற டாக்டருக்குக் குழாய் உணவை நிறுத்த அவர் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. அவரும் முன்பே எழுதி வைத்திருந்தவர்தான்.

குழாயைப் பற்றி என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் முற்றியவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்லித்தான் முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுங்கள். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டாம். காலையில், முகம் தெளிவாக இருக்கும்போது, "பாட்டி கடைசியில் எப்படிப் போனாங்க? உனக்கு எப்படிம்மா வேணும்?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி தமிழிலேயே தேதியோடு எழுதி, இங்கிலீஷிலும் எழுதி ஃபைலில் வையுங்கள். ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டுங்கள். தண்ணி, வலிக்குது, குளிருது, ஒண்ணுக்கு. பக்கத்திலேயே இங்கிலீஷிலும், இந்த ஊர் மொழியான ஜூலுவிலும் அர்த்தம். இதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள்.